வேலிக்கென்று கேட்ட கள்ளி

ஒரு மலைக்காட்டில் மூன்று மடுக்கள் இருந்தன. மேல்மடுவில் யானைகள் நீர் குடித்தன. நடுமடுவில் ஆமைகள் வாழ்ந்தன. கீழ்மடுவின் சேற்றில் காட்டுப்பன்றிகள் புரண்டன. மழைக்காலத்தில் ஓர் ஓடை மூன்றையும் இணைக்கும். கோடையில் ஓடை வற்றி, மூன்றும் தனித்தனியாகிவிடும்.

அந்த ஓடைக்கரை வளையில் குமிழி என்ற நீர்நாய் தன் தம்பி துள்ளனோடு வாழ்ந்தது. குமிழிக்கு எதையும் துருவிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு நத்தை பாதை மாறிப் போனால்கூட, ஏன் என்று தெரியும்வரை அதன் பின்னாலேயே போகும். "உனக்கு வேறு வேலையே இல்லையா?" என்று நத்தைகள் அலுத்துக்கொண்டன.

காட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீரில் திருகுகள்ளியைப் போடக்கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். நீரில் கலந்தால் மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். சண்டை என்று வந்தால் நகத்தால் போடலாம், பல்லால் போடலாம், கொம்பால் போடலாம். நஞ்சால் மட்டும் கூடாது. நஞ்சைப் போட்டவர் யாரானாலும் காட்டை விட்டுப் போக வேண்டும்.

இந்தச் சட்டத்தைக் காக்கும் பொறுப்பு பெருங்காதன் என்ற கொம்பன் யானையிடம் இருந்தது. அதன் உடம்பைப் பார்த்தே எல்லோரும் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு கோடையில் பன்றிகளுக்கும் கொக்குகளுக்கும் சண்டை மூண்டது. கொக்குகளுக்கு மீன் கிடைக்கக்கூடாது என்று, பன்றிகள் தாங்கள் புரளும் கீழ்மடுவிலேயே கள்ளிக் கிளைகளை இழுத்து வந்து போட்டன. மீன்கள் செத்தன. கொக்குகள் பட்டினி கிடந்தன.

பெருங்காதன் மரங்கள் அதிர ஓடி வந்தது.

"நஞ்சா? தண்ணீரிலா? இதயம் உள்ளவர்கள் செய்கிற காரியமா இது!"

"ஐயா, எங்கள் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம்..." என்று பன்றித் தலைவன் தொடங்கியது.

"நஞ்சுக்கு நியாயம் கிடையாது! போங்கள் வெளியே!"

பன்றிக் கூட்டம் காட்டின் எல்லைக்கு அப்பால் துரத்தப்பட்டது. எல்லா விலங்குகளும் ஆரவாரம் செய்தன. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது குமிழிதான்.

இருபது நாள்கூட ஆகவில்லை. நடுமடுவிலிருந்து மெல்லடி என்ற ஆமை தட்டுத் தடுமாறி ஓடைக்கரைக்கு வந்தது. அதன் கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன.

"யார் அங்கே? குமிழியா?"

"நான்தான். உன் கண்ணுக்கு என்ன ஆயிற்று?"

"காலையில் தண்ணீருக்குள் இறங்கினேன். நெருப்புக்குள் இறங்கியது போல இருந்தது. எங்களில் ஒன்பது பேருக்குப் பார்வை போய்விட்டது."

ஆமைகளுக்கும் நரிகளுக்கும் சில நாளாகவே தகராறு. ஆமைகள் மணலில் இட்ட முட்டைகளை நரிகள் தோண்டித் தின்றன. ஆமைகள் நரிகளின் கால்களைக் கடித்துத் துரத்தின. அது காடு முழுவதும் தெரிந்த சங்கதி. குமிழி நேரே மேல்மடுவுக்கு ஓடியது.

"பெரியவரே! நடுமடுவில் கள்ளி போட்டிருக்கிறார்கள்! ஆமைகளின் கண் போய்விட்டது!"

பெருங்காதன் மூங்கில் குருத்தை மென்றுகொண்டே கேட்டது. "அப்படியா? மிகவும் வருந்தத் தக்கது."

"வருந்தினால் போதுமா? நரிகளைத் துரத்த வேண்டாமா?"

"நரிகள்தான் போட்டன என்று எப்படிச் சொல்கிறாய்? பார்த்தாயா? சான்று இருக்கிறதா? ஆமைகளே போட்டுக்கொண்டிருக்கலாமே!"

"தங்கள் கண்ணைத் தாங்களே குருடாக்கிக்கொள்வார்களா?"

"உலகத்தில் என்னென்னவோ நடக்கிறது. இரண்டு தரப்பும் பொறுமையாக இருக்க வேண்டும். அதுதான் என் கருத்து."

குமிழி தலையைச் சாய்த்து யானையைப் பார்த்தது. "பன்றிகளிடம் நீங்கள் சான்று கேட்கவில்லையே?"

"அது வேறு."

"என்ன வேறு?"

"வேறு என்றால் வேறு! போய் மீன் பிடி!"

போய் மீன் பிடிக்கிற நிலையில் குமிழி இல்லை. அந்த 'வேறு' என்ற சொல் காதுக்குள் புகுந்த எறும்பு மாதிரி குடைந்தது. அது நடுமடுவுக்குப் போய்க் கரையிலிருந்தபடியே, தண்ணீரில் கிடந்த கிளைகளைப் பார்த்தது. ஒவ்வொன்றும் நரியின் கழுத்தளவு தடிமன். நரிகள் கடித்து அறுத்திருந்தால் பல்தடம் இருக்கும். ஒன்றிலும் இல்லை. எல்லாம் நெம்பி முறிக்கப்பட்டவை.

இவ்வளவு பெரிய கள்ளி எங்கே இருக்கிறது? வடக்குப் பாறையில் மட்டும்தான். குமிழி வெயிலில் மூச்சு வாங்கப் பாறை ஏறியது. அங்கே நின்ற கள்ளி மரத்தின் உச்சிக் கிளைகளைக் காணவில்லை. இரண்டு மான்கள் ஒன்றன்மேல் ஒன்று நின்றாலும் எட்டாத உயரம் அது. தண்டில் நீளமாக ஒரு கீறல், தந்தம் உரசியது போல. கீழே மண்ணில் வட்டமான பெரிய காலடிகள். பக்கத்தில் காய்ந்த யானைச் சாணம்.

குமிழி அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. தெரிந்துகொண்ட ஒன்றைத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அதற்கு முதல்முறையாகத் தோன்றியது. ஆனாலும் எழுந்து மேல்மடுவுக்குப் போனது.

"பெரியவரே, கிளைகளை முறித்துக் கொடுத்தது நீங்களா?"

பெருங்காதனின் காதுகள் அசைவதை நிறுத்தின. "நரித் தலைவன் செவலையன் கேட்டான். வேலி கட்ட வேண்டும் என்றான். கள்ளியில் வேலி கட்டுவது எல்லோரும் செய்வதுதானே? அதைத் தண்ணீரில் போடுவான் என்று நான் கண்டேனா?"

"அப்போது தெரியாது, சரி. இப்போது தெரிந்துவிட்டதே?"

யானை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

காரணம் குமிழிக்கு மெல்லப் புரிந்தது. நரிகள் குடியிருந்த மேட்டில்தான் உவர்மண் இருந்தது. யானைகள் நக்கி உண்ணும் உப்பு மண் அது. நரிகள் அங்கே மான்களையும் காட்டெருமைகளையும் அண்ட விடாமல், யானைகளுக்கென்றே காத்து வந்தன.

குமிழி வளைக்குத் திரும்பித் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னது. துள்ளன் கொதித்தது. "ஆமைகளுக்கு ஒரு நியாயம், கொக்குகளுக்கு ஒரு நியாயமா அக்கா? அந்த யானைக்கும் கண் எரிந்தால்தான் புத்தி வரும்!"

"அப்படிப் பேசாதே" என்றது குமிழி.

மழை வந்து போனது. மறுகோடையும் வந்தது. செவலையன் காட்டெருமைகளோடு நட்பாகி, உவர்மண் மேட்டை அவற்றுக்குத் திறந்துவிட்டது. யானைகள் போனபோது அங்கே ஒரு வாய் மண்கூட மிச்சமில்லை.

மறுநாள் காலையே பெருங்காதன் காட்டுச் சபையைக் கூட்டியது. அதன் குரல் தழுதழுத்தது.

"நண்பர்களே! இந்த நரிகள் யார் தெரியுமா? தண்ணீரில் நஞ்சு வைத்தவர்கள்! ஒன்பது ஆமைகளின் கண்ணைப் பறித்தவர்கள்! அந்தக் கொடுமையை என்னால் மறக்கவே முடியவில்லை!"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து மெல்லடி தலையை நீட்டியது.

"பேசுவது யார்? எனக்குத்தான் கண் தெரியாதே. போன கோடையில் சான்று கேட்டவரின் குரல் மாதிரியே இருக்கிறது. ஆனால் அவராக இருக்காது!"

முயல்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தும்மின. செவலையன் துள்ளி எழுந்தது. "கிளையை முறித்துக் கொடுத்தது யார் என்பதையும் சொல்லுங்கள் அண்ணா!"

"வாயை மூடு!" என்று பிளிறிய பெருங்காதன் நரிகளை எல்லைவரை விரட்டியது. இந்த முறை ஆரவாரம் எழவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு விசித்திரம் நடந்தது. முள்ளம்பன்றியின் வளைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுக் கள்ளி தோன்றியது. பிறகு கீரியின் வளைக்குப் பக்கத்தில். பிறகு குரங்குகளின் மரத்தடியில். துரத்தப்பட்ட பன்றிகளும் மெல்லத் திரும்பி வந்தன, கள்ளியோடு.

"இதெல்லாம் எதற்கு?" என்று குமிழி ஒவ்வொருவரையும் கேட்டது.

"வேலிக்கு!" என்றன எல்லாம், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

வெயில் முற்றியது. ஒருநாள் நண்பகலில் மேல்மடுவிலிருந்து யானைகளின் அலறல் கேட்டது. பெருங்காதனுடைய அக்காவின் கன்று முதலில் தண்ணீரில் இறங்கியிருந்தது. அதன் வாயும் துதிக்கையின் நுனியும் வெந்து வீங்கியிருந்தன. கண்ணைத் திறக்க முடியாமல் அது தாயின் கால்களுக்கிடையே முட்டி முட்டி அழுதது.

"யார் செய்தது? யார்?" பெருங்காதன் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை. கடைசியில் ஓடைக்கரைக்கு வந்தது.

"குமிழி, நீதான் எதையும் கண்டுபிடிப்பாயே. கண்டுபிடித்துச் சொல்!"

குமிழி கன்றைப் பார்த்தது. பிறகு மேல்மடுவின் கரையைச் சுற்றி வந்தது. கள்ளிக் கிளை மெல்லியது. அதில் சின்னச் சின்னப் பல்தடங்கள். வற்றிய ஓடையின் ஈரச் சேற்றில் காலடிகள். விரல்களுக்கிடையே தோல் படிந்த காலடிகள்.

குமிழி அந்தக் காலடியின் மேல் தன் காலை வைத்துப் பார்த்தது. அச்சாகப் பொருந்தியது. அது நேரே தன் வளைக்கு ஓடியது.

வளைக்குள் துள்ளன் சுருண்டு கிடந்தது. அதன் உதடுகள் கொப்புளித்திருந்தன.

"ஏன் செய்தாய்?"

"ஆமைகளுக்காக யார் கேட்டார்கள் அக்கா? அவனுக்கும் எரியட்டும் என்று போட்டேன்."

"எரிந்தது அவனுக்கு இல்லை. பால்குடி மறவாத கன்றுக்கு."

துள்ளன் கண்ணை மூடிக்கொண்டது. "கன்று முதலில் இறங்கும் என்று நான் நினைக்கவில்லை" என்றது. பிறகு அக்காவின் வாலைப் பற்றிக்கொண்டது. "சொல்லிவிடாதே. நரிகள் என்று சொல். எல்லோரும் நம்புவார்கள். நான் உன் தம்பி!"

உண்மைதான். நரிகள் என்றால் எல்லோரும் நம்புவார்கள். குமிழியின் மனம் காரணங்களைத் தேடத் தொடங்கியது. இவன் ஆமைகளுக்காகச் செய்தான். இவன் முன்பு எந்தத் தவறும் செய்ததில்லை. இது வேறு...

அந்தச் சொல் தன் வாய்வரை வந்ததும் குமிழி திடுக்கிட்டது. யானையின் வாயிலும் அன்று இப்படித்தான் வந்திருக்கும்!

சபை கூடியது. வெயிலில் எல்லா விலங்குகளும் காத்திருந்தன.

"யார்?" என்றது பெருங்காதன்.

குமிழி பெருங்காதனை நேராகப் பார்த்தது. "என் தம்பி" என்றது.

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பெருங்காதன் துதிக்கையைத் தூக்கி ஓரடி முன்னே வைத்தது. குமிழி நகரவில்லை.

"துரத்துங்கள். நான் தடுக்க மாட்டேன். அவன் செய்தது நஞ்சு வைத்த குற்றம். ஆனால் ஆமைகளைக் குருடாக்கிய கிளையை முறித்துக் கொடுத்துவிட்டு, தெரிந்த பிறகும் மறைத்தவரும் இங்கே இருக்கிறார். அவரையும் சேர்த்துத் துரத்துங்கள்!"

கன்று வாயால் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. கன்றின் தாய் மெதுவாகத் திரும்பித் தன் தம்பி பெருங்காதனைப் பார்த்தது.

"இது உண்மையா?"

"அவர்கள் வேலிக்குத்தான்..." என்று தொடங்கிய பெருங்காதன் பாதியில் நிறுத்தியது. மெல்லடியின் மூடிய கண்கள் குரல் வந்த திசையை நோக்கியே இருந்தன. கொம்பன் தலையைத் தாழ்த்தியது. "கொடுக்கும்போதே எனக்குச் சந்தேகம்தான். உப்பு மண் போய்விடுமே என்று கேட்காமல் விட்டேன்."

"அப்படியானால் நீயும் போ" என்றது தாய் யானை.

"மன்னிக்கக் கூடாதா?" என்று ஒரு மான் மெல்லிய குரலில் கேட்டது.

"மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும்" என்றது மெல்லடி, "என் கண் திரும்பி வராது."

அன்று மாலைக்குள் ஒரு பெரிய யானையும் ஒரு சிறிய நீர்நாயும் ஒரே பாதையில் காட்டை விட்டு வெளியேறின. ஒன்றோடொன்று பேசவில்லை. குமிழி எல்லைப் பாறைவரை போய், தம்பியின் வால் புல்லுக்குள் மறையும்வரை நின்றது. அழுகை வந்தது. அழுதது.

திரும்பி வரும் வழியில் அது ஒரு வேடிக்கையைக் கண்டது. முள்ளம்பன்றி தன் கள்ளிக்கட்டை இழுத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கிப் போனது. பின்னால் கீரி. அதன் பின்னால் குரங்குகள். கடைசியாகப் பன்றிகள். பள்ளத்தில் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடின.

"ஏன் இப்போது?" என்று குமிழி கேட்டது. கேட்காமல் இருக்க அதனால் முடியவில்லை.

"கொம்பனே போக வேண்டியதாகிவிட்டது! உன் தம்பியே போக வேண்டியதாகிவிட்டது! இனி எங்களை யார் விட்டுவைப்பார்கள்?" என்றது முள்ளம்பன்றி.

பகைவன் செய்தால் பாவம் என்றும் வேண்டியவன் செய்தால் சந்தேகம் என்றும் ஆளுக்கு ஆள் மாறும் சட்டம் யாரையும் காக்காது. தனக்கு வேண்டியவரையும் நிறுத்திக் கேட்கும்போதுதான் அது சட்டமாகும்.