ஒட்டாத நெய்

ஆற்றங்கரை மடத்துச் சமையலுக்குச் செண்பகவல்லிதான் பொறுப்பு. அடுப்பைவிட அவள் வயிறு அதிகமாக எரிந்துகொண்டிருந்த காலம் அது.

மடத்துப் பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு. குருவான அம்மையாருக்கும் ஒரு கரண்டி நெய்தான். அவரே போட்ட சட்டம். ஆனால் பங்குனியில் வந்து சேர்ந்த தாட்சாயணிக்கு மட்டும் அம்மையாரே எழுந்து வந்து, சோறு மிதக்க மிதக்க நெய் ஊற்றினார். கூடுதலாக உப்பும் வைத்தார். அத்தனையும் தின்றுவிட்டு அந்தப் பெண் ஒட்டடைக் குச்சியாகவே இருந்தாள். அது வேறு எரிச்சல்.

நெய்யைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். விடியற்காலைச் சங்கதிதான் பொறுக்கவில்லை. பூசைக்கு முன் அம்மையார் தாட்சாயணியை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். முதுகில் தட்டும் சத்தம் தாளம் தவறாமல் கேட்கும்.

செண்பகவல்லிக்குச் சந்தேகமே இல்லை. குரு தொட்டுத் தரும் ஸ்பரிச தீட்சை அது. அதற்காகத்தானே அவள் கணவன் செத்த கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, தலை நரைக்கும்வரை இந்தப் புகையில் கிடக்கிறாள்? நேற்று வந்தவளுக்கு அது தினமும் கிடைக்கிறது!

ஒருநாள் பந்தி முடிந்ததும் கரண்டியை அம்மையாரின் காலடியில் வைத்தாள்.

"நான் ஊருக்குப் போறேம்மா."

"ஏன்?"

"எனக்குத் தராத தீட்சையை அவளுக்குத் தர்றீங்க. கதவை மூடிட்டா எனக்குக் காது கேக்காதா?"

அம்மையார் மறுக்கவில்லை.

"நாளைக்கு நீயும் உள்ள வா. நீயே குடு."

விடிந்ததும் செண்பகவல்லி குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போனாள்.

தலைப்பக்கம் தாழ்த்திய பலகையில் தாட்சாயணி குப்புறப் படுத்திருந்தாள். அம்மையார் செண்பகவல்லியின் கையைக் குழித்து அந்த முதுகில் வைத்தார்.

"தட்டு."

தட்டினாள். விலா எலும்புகள் கையில் இடறின. தாட்சாயணி இருமி இருமி, பிசின் மாதிரி கெட்டியான சளியைக் கிண்ணத்தில் துப்பினாள். மூச்சு வாங்கியபடி சிரித்தாள்.

"பொறக்கும்போதே வந்த வியாதி அக்கா. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு பேரு. நெஞ்சுல அடைக்கிற மாதிரியே கணையத்துலயும் அடைச்சுக்கும். நெய்யைச் செரிக்கிற சாறு குடலுக்கு வராது. மாத்திரை போட்டுத்தான் சாப்பிடறேன். அப்பவும் பாதி வீணாப் போயிடும். உள்ள சேர்ந்த கொழுப்பையும் இந்த உடம்புக்குச் சரியா வச்சுக்கத் தெரியாது. உப்பெல்லாம் வேர்வையில போயிடும். அதான் அம்மா அள்ளி அள்ளி வைக்கிறாங்க. வெளிய சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

செண்பகவல்லி கூனிக்குறுகிப் போனாள். ஆனாலும் பொறாமை அவ்வளவு லேசில் விட்டுவிடுமா?

"இருந்தாலும், எனக்கு நீங்க ஒருநாளும் இப்படி ஊத்தினதில்லையேம்மா."

அம்மையார் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"உனக்கும் இத்தனை வருஷமா உபதேசத்தை ஊத்திக்கிட்டேதான் இருக்கேன், செண்பகம். அவ உடம்புல ஒட்டாததுக்கு வியாதி காரணம். உனக்கு?"