சிவப்புக் கோட்டில் நின்ற முள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் ஒரு பழைய கார் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற கார். நீள மூக்கு, மேலே கறுப்பு, கீழே சந்தன நிறம். கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உள்ளே கிடந்து உழைக்கிற இன்ஜினை ஒரு மனுஷன் போட்டோ எடுத்ததில்லை. இன்ஜின் அதற்கெல்லாம் கவலைப்படவும் இல்லை. பேர் கெடாமல் இருந்தால் போதும் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பேருக்குத்தான் ஒரு நாள் காலையில் ஆபத்து வந்தது. மீட்டரில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சடாரென்று எழுந்துபோய் சிவப்புக் கோட்டில் நின்றுகொண்டது.

வண்டிக்குச் சொந்தக்காரி ராசாமணியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். மெக்கானிக் மாரப்பனைக் கூப்பிட்டாள். மாரப்பன் ரேடியேட்டரைக் கழுவினான், தண்ணீர் பம்பை மாற்றினான், ஃபேன் பெல்ட்டை இழுத்துக் கட்டினான். முள் அசைவேனா என்றது.

"ஏண்டா, நான் சூடாகவே இல்லையே! எதுக்குடா அங்க போய் நிக்கறே?" என்று இன்ஜின் கத்தியது.

"நான் காட்டற முள்ளு," என்றது சூட்டு முள். "எனக்கு எவ்வளவு கரண்டு வருதோ அவ்வளவு காட்டுவேன். விசாரிக்கறது என் வேலை இல்ல."

"பொய்யின்னு தெரிஞ்சுமா?"

"பொய்யா நெசமான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்னைக்கு உன்னை வந்து பார்த்தேன்?"

கேட்டீர்களா நியாயத்தை! ஒரு நாளும் வந்து பார்க்காதவன் சொல்கிற சாட்சிக்குத்தான் அத்தனை மரியாதை.

பக்கத்திலேயே பெட்ரோல் முள் இருந்தது. அதுவும் அதே நாள் காலையில்தான் மேலே ஏறியிருந்தது. எப்போது பார்த்தாலும் டேங்க் தளும்புகிற மாதிரி காட்டியது. ஆனால் அதை யாராவது திட்டினார்களா? ம்ஹூம்!

"பாரு மாரப்பா, வண்டி இப்பெல்லாம் பெட்ரோலே குடிக்கறதில்ல," என்று ராசாமணியம்மாள் பூரித்துப்போனாள். மீட்டர் கண்ணாடியைத் துடைக்கும்போது பெட்ரோல் முள் இருக்கிற பக்கம் மட்டும் ரெண்டு தரம் துடைத்தாள். பெட்ரோல் முள்ளுக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அம்மிணி, மனசைத் தேத்திக்குங்க. இன்ஜின் போச்சுங்க. கிணத்துக்கடவு ஷெட்டுல ஒரு டீசல் இன்ஜின் வச்சிருக்கறேன். இதைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு அதை மாட்டிரலாமுங்க."

"நல்லாத்தானே மாரப்பா ஓடுது?"

"ஓடுதுங்க. ஆனா முள்ளு பொய் சொல்லுமுங்களா?"

எடைக்கு! இன்ஜினுக்கு அடிவயிற்றில் இருந்த ஆயில் வரை கலங்கிப்போனது. பழைய சட்டி பானையோடு சட்டி பானையாகக் கிடக்க வேண்டியதுதானா?

ஹாரன் மெதுவாகப் புத்தி சொல்ல வந்தது. "எதுக்கப்பா வம்பு? கொஞ்சம் சூடுதான்னு ஒத்துக்கிட்டுப் போயேன். பாவம்னு விட்டாலும் விட்டுருவாங்க."

"ஆகாத சூட்டை எதுக்கு ஒத்துக்கணும்?" என்று இன்ஜின் சீறியது. "எடைக்குப் போடறதானா போடட்டும். தராசுல ஏறி உக்காந்துக்கிட்டும் சொல்லுவேன், நான் சூடாகலைன்னு. நீ வேணா கூப்பிட்ட குரலுக்கெல்லாம் கத்திக்கிட்டிரு."



மறுநாள் மாரப்பன் ஓட்ட, ராசாமணியம்மாள் பக்கத்தில் உட்கார, வண்டி கிணத்துக்கடவுக்குக் கிளம்பியது. கடைசி ஓட்டம் என்று இன்ஜினுக்குத் தெரியும். அழுதுகொண்டு போகவில்லை அது. ஒரு திணறல் இல்லை, ஒரு இருமல் இல்லை, வழியெல்லாம் சீராக ஓடியது. முள் சிவப்பிலேயே நின்றது. 'நீ நில்லு, நான் ஓடறேன், யார் சொல்றது நெசம்னு பார்த்துடலாம்' என்று இன்ஜின் வீம்பாக ஓடியது.

ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ரெண்டு குலுங்கு குலுங்கியது. நின்றுவிட்டது.

"நான் சொன்னேனில்லீங்க!" என்று மாரப்பன் குதித்து இறங்கினான். "சூட்டுல இன்ஜின் இறுகிப்போச்சுங்க!"

ராசாமணியம்மாள் அவனுக்கு முன்னால் போய் பானெட்டைத் தூக்கினாள்.

"தொடாதீங்கம்மிணி, கை வெந்துரும்!"

அவள் முந்தானை சுற்றிய கையை இன்ஜின் மேல் வைத்தாள். எத்தனை நாளாய் இந்த ஒரு தொடுதலுக்காக இன்ஜின் காத்துக்கிடந்தது தெரியுமா! அழுகையே வந்துவிட்டது அதற்கு.

"சுடுதுதான்," என்றாள் அவள். "இவ்வளவு தூரம் ஓடி வந்த வண்டி பின்னே ஐஸாவா இருக்கும்? தண்ணி கொதிக்கலையே மாரப்பா! ஆவி எங்கே? கொதிக்கற சத்தம் எங்கே?"

மாரப்பன் குனிந்து பார்த்தான். காதைக் கொடுத்துக் கேட்டான். சந்தேகத்தோடு பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்தான். வேலியில் ஒரு நீளக் குச்சியை ஒடித்து உள்ளே விட்டான். குச்சி போனபடியே காய்ந்து வெளியே வந்தது.

"டேங்க்குல பெட்ரோலே இல்லீங்க!"

ராசாமணியம்மாள் ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தாள். பெட்ரோல் முள் வழியில் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் இன்னும் கால் டேங்க் காட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது.

அவள் அந்த முள்ளைப் பார்த்தாள், சிவப்பில் நின்ற முள்ளைப் பார்த்தாள். "மாரப்பா, இது ரெண்டும் ஒரே நாள்லதானே ஏறுச்சு?"

மாரப்பன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டான். "அடக் கெரகமே! ரெண்டு முள்ளுக்கும் கரண்டை அளந்து விடறது ஒரே பெட்டிதானுங்க!"

மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்னத் தகரப் பெட்டியை இழுத்துப்போட்டான். அளந்து கொடுக்க வேண்டியது, அளவை மறந்து ரெண்டு பேருக்கும் வாரி விட்டிருக்கிறது.

"டேங்க் ரொம்பிக் கெடக்குதுன்னு சொன்னதும் இதே வாய்தான், என் இன்ஜின் போச்சுன்னு சொன்னதும் இதே வாய்தான்," என்றாள் ராசாமணியம்மாள். "முன்னதைக் கேட்டு நான் இளிச்சேன். அதான் பின்னதையும் நம்பித் தொலைச்சேன். உன் டீசல் இன்ஜினை வேற யாருக்காச்சும் குடுத்துக்க மாரப்பா. என் இன்ஜின் மேல ஸ்பேனர் வச்சியானா நடக்கறதே வேற!"

வேறு பெட்டி வந்தது, பெட்ரோலும் வந்தது. சாவியைத் திருகியதும் இன்ஜின் ஒரே உறுமலில் கிளம்பியது. பெட்ரோல் முள் கீழே இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. சூட்டு முள் நடுவில் வந்து நல்ல பிள்ளையாக நின்றது.

"இப்பத் திருப்திதானே?" என்றது சூட்டு முள். "நீ சூடாகலைன்னு நானே காட்டறேன் பாரு."

"எடைக்குப் போகப் பார்த்தவன்டா நான்!" என்றது இன்ஜின். "இப்பத்தான்டா எனக்குச் சூடு ஏறியிருக்குது. எங்கே, இதைக் காட்டு பார்க்கலாம்!"