மிட்டாய் சங்கத்தின் பழைய கம்ப்யூட்டர்

சுழியன்பட்டிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்த ஊர் சங்கத்துக் கருப்பட்டி மிட்டாயைத் தின்று வளர்ந்த உடம்பு இது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த மிட்டாய்க்கு ஒரு ரகசியம் உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் கடை வைத்திருக்கும் பேச்சிமுத்துவுக்கு அது தெரிந்துவிட்டால், சங்கத்தில் அடுப்பு எரியாது. ரகசியத்தைச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் பத்திரமாக ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் கண்ணை மூடிவிட்டது.

பழைய மின்சாமான்களைப் பிரித்தெடுக்கும் கம்பெனிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து மரகதம் என்ற பெண் போனில் பேசினாள். "குப்பையில போட்டுராதீங்க, எரிக்கவும் செய்யாதீங்க. நானே வண்டி கொண்டு வாரேன். ரகசியம் எதுக்குள்ள இருக்கோ, அது மட்டும் வேற ஆள் கையில சிக்கிரக் கூடாது."

தலைவர் சொரிமுத்து, செயலாளர் பால்வண்ணம், மிட்டாய் சுடும் ஆவுடையம்மாள், மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"எதுக்குள்ள இருக்குவே?" என்றார் தலைவர்.

"திரையிலதான அண்ணாச்சி படிச்சோம்? படிச்ச இடத்துலதான இருக்கும்," என்றார் பால்வண்ணம்.

திரையைத் தலைவரின் வேட்டியால் சுற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். தலைவர் துண்டோடு கூட்டத்தைத் தொடர்ந்தார்.

"கீபோர்டை விட்டுட்டியளே! எழுத்தெல்லாம் அதுலல்லா இருக்கு," என்றாள் ஆவுடையம்மாள்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதபடி ஊரின் நாலு மூலையிலும் புதைத்தார்கள். பிறகு மவுஸை விசாரித்தார்கள். அது வாயே திறக்கவில்லை. நம்பிக்கையான பிராணி என்று விட்டுவிட்டார்கள்.

"அந்தப் பெரிய பெட்டி?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"அது பாவம் மதினி, எந்நேரமும் மேசைக்கு அடியில கெடந்துச்சு. அங்கன இருந்து என்னத்தக் கண்டிருக்கும்?" என்றார் பால்வண்ணம்.

மரகதம் வந்தாள். சுவரைப் பார்த்து நின்ற திரையையும் துண்டோடு நின்ற தலைவரையும் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து உள்ளிருந்த ஹார்ட் டிஸ்கை எடுத்தாள். டிரில் மிஷினால் அதை ஓட்டை ஓட்டையாகத் துளைத்தாள்.

"எல்லாம் இதுலதான் இருந்துச்சு அண்ணாச்சி. இனி எவனாலயும் படிக்க முடியாது." எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மூவருக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆனால் பால்வண்ணத்துக்குச் சந்தேகம் விடவில்லை. "அவ வாரதுக்கு முந்தியே ரகசியம் அக்கரைக்குப் போயிருந்தா?"

நியாயமான கேள்விதான். உடனே ஆற்றைக் கடந்து பேச்சிமுத்துவின் கடைக்குப் போனார்கள்.

"உளுந்தோட ஒரு கைப்பிடி பனங்கிழங்கு மாவு சேக்கணும். தெரியுமாவே உமக்கு?" என்று கேட்டார் தலைவர்.

பேச்சிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். "சத்தியமாத் தெரியாது அண்ணாச்சி."

"பாகை இறக்கும்போது சுக்கு?"

"அதும் தெரியாது. எனக்குத் தெரியாததை இன்னும் முழுசாச் சொல்லுங்களேன். அப்பதான நான் உறுதியாச் சொல்ல முடியும்?"

பேச்சு நியாயமாகப் பட்டது. ஒன்று விடாமல் சொன்னார்கள். ஒன்றுமே தெரியாது என்று அவர் அடித்துச் சொன்னதும் சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரகசியம் தப்பித்ததே!

மறுநாள் அக்கரையில் புது மிட்டாய். கூட்டம் நெருக்கியது. ஆவுடையம்மாள் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். அச்சு அசல் சங்கத்து மிட்டாய்!

மறுபடியும் கூட்டம் கூடியது.

"நேத்து சாயங்காலம் வரை அவனுக்குத் தெரியாது. அவன் வாயாலேயே சொன்னான்," என்றார் பால்வண்ணம்.

"நாம மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிரியவே இல்ல. நாம சொல்லலை," என்றார் தலைவர்.

"பின்ன எப்படிப் போச்சு?" என்றார் பால்வண்ணம்.

ஆவுடையம்மாள் தன் கையிலிருந்த சாரணியை, மாவை ஒழுகவிடும் அந்த ஓட்டைக் கரண்டியையே உற்றுப் பார்த்தாள். தலைவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி மரகதத்தைக் கூப்பிட்டாள்.

"ஏ தாயி! ஓட்டை போட்டுட்டியே, அதுவழியாத்தான் எல்லாம் ஒழுகிட்டிருக்கு. சீக்கிரம் மாவை வச்சு அடை, மிச்சம் இருக்கதாவது உள்ள நிக்கட்டும்!"