குளக்கரை மண்டபத்துப் படம்

ஊர்க் குளத்தின்மேல் ஜமீன்தாருக்கு ஒரு கண். மண்டபத்துக்குச் சுண்ணாம்பு பூச வந்த, சுவர்ச் சித்திரமும் எழுதத் தெரிந்த குருவம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"என் முப்பாட்டனார் இந்தக் குளத்தை வெட்டின மாதிரி சுவர்ல படம் போடு. முந்நூறு வருஷப் பழசாத் தெரியணும். இல்லே, ஊர்ல இருக்கமாட்டே!"

ஈரச் சுண்ணாம்பு காயுமுன் குருவம்மா வரைந்து முடித்தாள். காய்ந்ததும், ஜமீன்தார் பார்க்க வருமுன், விளக்குப் புகை காட்டினாள். மேல்பாதியில் முப்பாட்டனார் குளம் வெட்டிக்கொண்டிருந்தார்; கீழ்ப்பாதி முழுக்கக் கரி.

"பழசுன்னா இப்படித்தானே சாமி இருக்கும்?"

ஜமீன்தார் பூரித்துப்போனார். குளம் யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்க வந்த தாசில்தார் முன்னால், "முந்நூறு வருஷப் படம்" என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்.

"கீழே ஒண்ணும் தெரியலையே, துடைங்க" என்றார் தாசில்தார்.

குருவம்மா ஈரத்துணியால் துடைத்தாள். கரி போயிற்று, சுண்ணாம்பில் ஊறிய வர்ணம் போகுமா? அங்கே முப்பாட்டனார் குளத்தை ஊர்ச் சனங்களுக்குத் தாரை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சத்தியம் செய்த படத்தை ஜமீன்தார் இனிப் பொய்யென்று சொல்ல முடியுமா? ஊரே அவரைப் பார்த்துக் கைகூப்பியது.

குருவம்மா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "கொடுக்கிற அந்த முகம் அச்சு அசல் உங்க முகம்தான் சாமி. நல்லாயிருக்கணும் நீங்க!"