பிரதானியார் கேட்டு வாங்கிய பஞ்சப்படி

மழை பொய்த்த நாட்டில் எதுவும் முளைக்காது என்று யார் சொன்னது? ஆவரங்கோட்டைச் சீமையில் மூன்று வருஷமாக வானம் ஒரு சொட்டு விடவில்லை. ஆனாலும் பஞ்ச மேற்பார்வை அதிகாரி ஒருவர் முளைத்தார். அவரை மேற்பார்க்க இன்னொருவர் முளைத்தார். இருவருக்கும் குடை பிடிக்க நாலு பேர் முளைத்தார்கள். நல்ல விளைச்சல்.

ராஜா உத்தண்டபூபதி கெட்டவர் இல்லை. "பெரிய குளத்தைத் தூர் வாருங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு நாளுக்கு ஒரு படி கேழ்வரகு அளந்து போடுங்கள்" என்று உத்தரவிட்டார். அதை நிறைவேற்றுகிற பொறுப்பு பிரதானி வில்லவராயரிடம் வந்தது. ராஜா சொன்ன சொல்லில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. படியின் அடியை மட்டும் மாற்றினார்.

புதுப் படி, பார்வைக்குப் பழைய படியேதான். அதே உயரம், அதே வாய். உள்ளே அடித்தகடு மட்டும் பாதி உயரத்துக்கு ஏறி நின்றது. களஞ்சியத்து ஆட்கள் தங்களுக்குள் அதற்குப் 'பஞ்சப்படி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அளவுகாரர் வழக்கப்படி முதல் படியை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று கூவுவார். ஆளுக்கு ஒரே படி என்பதால் குளக்கரையில் தினமும் லாபம், லாபம் என்றே கேட்டது. யாருக்கு என்றுதான் விளங்கவில்லை.

தூர் வாருகிறவர்களில் வாய் உள்ளவள் குப்பாச்சி. ஒருநாள் காலையில் கோட்டை வாசலுக்கு வந்து நின்றாள். சபையில் ராஜாவின் பட்டப்பெயர்களைக் கூவுகிற கட்டியக்காரர் கூத்தப்பெருமாளை வழிமறித்தாள்.

"அண்ணே, உங்க ராஜாவுக்கு எத்தனை பட்டம்?"

"முப்பத்திரண்டு, தாயி."

"அதிலே ரெண்டைக் குறைச்சுக்கிட்டு எங்களுக்கு அரைப்படி கூடப் போடச் சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு மண்வெட்டியைக் கரையிலே போட்டுட்டு ஊரைவிட்டுக் கிளம்பிடுவோம்."

கூத்தப்பெருமாள் சிரித்தார். உள்ளே போனதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. சபையில் பிரதானியாரின் பேச்சு அப்படி இருந்தது.

"வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போதவில்லை என்கிறார்கள், மகாராஜா. நாளைக்கு வேலையை நிறுத்தினால் குதிரைக்காரர்களை விட்டு விரட்டிப் பிடிக்கலாம்."

"படி நிறைய அளக்கிறீர்களா?"

"விளிம்பு வழிய! நேற்று நீங்கள் அனுப்பிய ஆளே பார்த்தாரே."

பார்த்தது உண்மை. மேலே இருந்து பார்த்தார். மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு அடி தெரிவதில்லை.

படியின் அடியும் அதன் செல்லப் பெயரும் கூத்தப்பெருமாளுக்குத் தெரியும். நாக்கு துறுதுறுத்தது. ஆனால் பிரதானிமேல் கட்டியக்காரன் புகார் சொன்னால் முதலில் போவது நாக்குதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வில்லவராயர் இன்னொன்றும் கேட்டார். "விலைவாசி ஏறிக்கிடக்கிறது, மகாராஜா. அதிகாரிகள் பாடு திண்டாட்டம். சம்பள நெல்லோடு எங்களுக்கும் ஏதாவது பஞ்சப்படி போட்டுக் கொடுக்க வேண்டும்."

"சரி, கொடுத்துவிடுங்கள்" என்றார் ராஜா. "கட்டியம்! அறிவித்துவிடு."

கூத்தப்பெருமாளின் கடித்த பல் தானாகத் திறந்தது. மார்பு நிமிர்த்திக் கூவினார்.

"ராஜாதி ராஜ உத்தண்டபூபதி உத்தரவு! அரண்மனை அதிகாரிகள் அத்தனை பேருக்கும் இன்று முதல் சம்பளம் பஞ்சப்படியோடு!"

அதிகாரிகள் கைதட்டினார்கள். பிரதானியார் அவருக்கு வெற்றிலைகூடக் கொடுத்தார். வெற்றிலையை மென்றுகொண்டே கட்டியக்காரர் நேரே களஞ்சியத்துக்குப் போனார்.

"அளவுகாரரே, உத்தரவு கேட்டதா?"

"கேட்டதய்யா. எந்தப் படியாலே அளக்க?"

"உங்களிடம் பஞ்சப்படி எத்தனை இருக்கிறது?"

"ஒண்ணுதான்."

"பிறகென்ன சந்தேகம்?"

அன்று மத்தியானம் சம்பளம் அளந்தார்கள். பிரதானியாருக்கு இருநூறு படி. லாபம், இரண்டு, மூன்று என்று ஒன்றுகூடத் தவறாமல் இருநூறும் எண்ணினார்கள். எட்டு மூட்டைக்குச் சாக்குக் கொண்டுவந்த வேலையாட்கள் நாலை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். அதைப் பார்த்த பிரதானியார் பல்லக்கில் ஏறிச் சபைக்குப் பறந்தார். படியையும் பிடுங்கி வந்திருந்தார்.

"மகாராஜா, மோசம்! பாதி நெல்தான் வந்திருக்கிறது. எல்லாம் இந்தக் கட்டியக்காரன் வேலை!"

"இருநூறும் எண்ணினார்களா, சாமி?" என்றார் கூத்தப்பெருமாள்.

"எண்ணினார்கள்."

"படி நிறைந்ததா?"

"நிறைந்தது. ஆனால்..."

பிரதானியார் சட்டென்று நிறுத்தினார். ராஜா முன்னால் குனிந்தார். "ஆனால்?"

பிரதானியார் படியை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"மகாராஜா," என்றார் கூத்தப்பெருமாள், "அந்த 'ஆனால்' என்ற ஒரு சொல்லைத்தான் குளத்தில் முந்நூறு பேர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோட்டைக்குள் வர அதற்கு இன்றைக்குத்தான் பல்லக்குக் கிடைத்தது."

ராஜா படியை வாங்கி உள்ளே கைவிட்டார். மணிக்கட்டு மறைவதற்குள் விரல் தகட்டில் இடித்தது.

"குளத்துக்கு இன்றே பழைய படி போகட்டும்" என்றார் ராஜா. "மூன்று மாதக் குறைவும் பிரதானியார் வீட்டு நெல்லிலிருந்து போகட்டும். இந்தப் படியை உடைத்துப் போடுங்கள்."

"அது தர்மமாகாது, மகாராஜா" என்றார் கூத்தப்பெருமாள். "அதிகாரிகள் வாய்விட்டுக் கேட்டது பஞ்சப்படி. நீங்கள் மனமுவந்து கொடுத்தது பஞ்சப்படி. ராஜா கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமா?"

ராஜாவின் மீசை துடித்தது. பிறகு தொப்பை குலுங்கியது. பிறகு சிம்மாசனமே குலுங்கியது. கழுத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பெருமாள் தலைவழியாகப் போட்டார்.

"அதுவும் சரிதான். எதுவரைக்கும் கொடுப்பது?"

"பெயரிலேயே இருக்கிறதே, மகாராஜா. பஞ்சம் தீரும்வரை."

மறுநாள் குளத்தில் மண்வெட்டிச் சத்தம் நிற்கவில்லை. மூன்று வருஷமாக வானத்தை நிமிர்ந்தே பார்க்காத பிரதானியார், ஏழு புரோகிதர்களோடு மழைக்கு வருண ஜபம் செய்யக் குளத்துக்கு வந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று செய்ய வேண்டிய ஜபம். தண்ணீர் இல்லாததால் நடுக்குளத்தில் மணை போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, மனம் உருகி ஜபித்தார்.

குப்பாச்சி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எதிரே நின்றாள்.

"சாமி, வேண்டுறதை நல்லா வேண்டிக்கங்க. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வேண்டிக்கங்க. நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்தைத்தான் முதல்லே வெட்டணும்."