மருதையா நிற்கும் மூலை

மில் முதலாளி பொன்னுரங்கத்தின் கபடி அணியில் இடது மூலையில் நின்று பிடிப்பவன் மருதையா. முழங்கால் வீங்கிப்போய், வைத்தியத்துக்காகச் சம்பளம் கூட்டிக் கேட்டான்.

முதலாளி ஏளனமாகக் கனைத்தார். "எதிர்ப்பக்கம் பாடிப் போறவன் புள்ளி கொண்டு வரான், அள்ளிக் கொடுக்கிறேன். நீ இந்த வருஷம் எத்தனை பேரைடா பிடிச்சே?"

"நான் நிக்கிற பக்கமே எவனும் வர மாட்டேங்கிறானே, முதலாளி!"

"வராதவனுக்கெல்லாம் நான் காசு கொடுக்கணுமாக்கும்?"

வாசலில் முதலாளியின் ராஜபாளையம் நாய் ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தது. மருதையா பணிவாகக் கேட்டான்: "இது இந்த வருஷம் எத்தனை திருடனைப் பிடிச்சுதுங்க?"

"ஒருத்தனையும் இல்லை. இது இருக்கையில எவன்டா உள்ளே வருவான்?"

சொன்ன பிறகுதான் முதலாளிக்கு உறைத்தது. கூட நின்ற ஆட்டக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதலாளி நெடுநேரம் யோசித்தார். மருதையாவுக்குச் சம்பளம் கூடவில்லை. மறுநாளிலிருந்து நாய்க்குக் கறி நின்றுபோனது.