குதிகாலில் வெடித்தவள்

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்களும் பேசிக்கொண்டிருந்த நாளில், முள் குத்தினால் குத்திய கணத்துச் சுருக்கோடு சரி. அப்புறம் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. ஜனங்கள் முள்ளோடு நடந்தார்கள், முள்ளோடு தூங்கினார்கள், என்னவென்று தெரியாமலே செத்தும் போனார்கள்.

விறகு பொறுக்கும் வேலாயியின் குதிகாலில் பூவாயி என்றொரு அணு குடியிருந்தாள். அவளோடு சுவருக்குச் சுவர் ஒட்டிச் சுடலி. மதினி என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அவர்கள் ஊரில் சாவுக்கு ஒரு முறை உண்டு. வேளை வந்தவள் வீட்டிலிருப்பதையெல்லாம் நறுக்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, தானும் அதற்குள் சுருண்டுவிடுவாள். தெருத்தெருவாகத் திரியும் பெருந்தீனியார் வந்து விழுங்கிவிட்டுப் போவார். அடுத்த வீட்டில் ஒரு சொட்டுச் சிந்தாது. ஒப்பாரியும் கிடையாது.

“சத்தம் போட்டுச் செத்தவ நம்ம தெருவுல உண்டா மதினி?” என்று சுடலி பெருமையடிப்பாள்.

“நீ உயிரோட இருக்கையில போடுற சத்தம் போதாதாக்கும்” என்பாள் பூவாயி.

ஒரு நாள் வேலாயியின் குதிகாலில் கருவேல முள் ஏறியது. முள்ளின் நுனியில் வந்த கிருமி பூவாயி வீட்டுக்குள் புகுந்தது. பூவாயி பதறவில்லை. தன்னோடு அதையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தாள். கத்தியைக் காணோம். கயிற்றையும் காணோம்.

கிருமி ஏப்பம் விட்டது. “ரெண்டையும் தின்னுட்டேன் தாயி. இனி உன்னால சாகவும் முடியாது. உன் அடுப்புல சமைச்சு என் பிள்ளைகளை வளர்ப்பேன். அடுத்து உன் மதினி வீடு. ரத்தத்துல இறங்கிட்டா நெஞ்சு வரைக்கும் நல்ல பாதை.”

வேலாயியோ எதுவும் தெரியாமல் பாட்டை முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தாள். உள்ளே கிருமி இரண்டாகி, நாலாகி, மூலையெல்லாம் நிறைந்தது.

“மதினி, நான் சுவரை இடிக்கப் போறேன்” என்றாள் பூவாயி.

“அடி பாவி, எம்மேலயெல்லாம் கொட்டுமே. நம்ம வழக்கமா இது? பெருந்தீனி மாமா மூஞ்சியில எப்படி முழிப்பே?”

“முழிக்க நான் எங்கே இருக்கப் போறேன்? தள்ளி நில்லு.”

உள்ளிருந்தபடியே தன் சுவரில் ஓட்டை ஓட்டையாகக் குத்தினாள். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. உப்பினாள், இன்னும் உப்பினாள், வெடித்தாள். அந்த ஊர் அதுவரை கேட்டிராத சத்தம். அவள் வீட்டுச் சாமான் தெருவெல்லாம் சிதறியது. அது பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் மடை திறந்தாற்போல் அகன்றன. வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி ஓடிவந்து, வெளியே விழுந்த கிருமிகளை வளைத்துப் பிடித்தன. குதிகால் கொதித்தது.

வேலாயி “ஐயோ” என்று உட்கார்ந்தாள். காலைத் திருப்பிப் பார்த்தாள். குதிகால் செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது, நடுவில் முள். பிடுங்கி எறிந்தாள்.

பெருந்தீனியார் வந்தபோது எடுக்க ஒரு பொட்டலமும் இல்லை. நனைந்து நின்ற சுடலி, “இப்படிக் கொட்டிட்டுப் போயிட்டாளே மாமா, துடைக்கவும் மனசு வரலையே” என்றாள்.

அந்தச் சத்தத்தை மற்ற அணுக்களும் கற்றுக்கொண்டன. கிருமியே இல்லாமல் பயந்து வெடிக்கிறவர்களும் உண்டு. மூட்டு வீங்குவதும் குடல் எரிவதும் அவர்களால்தான். யார், ஏன் வெடித்தார்கள் என்று ஆராய்ச்சிக்கூடங்களில் இன்றும் கண் வலிக்கத் தேடுகிறார்கள். ஆனால் முள் தைத்த இடம் சிவந்து, சூடேறி, விண்விண்ணென்று தெறிக்கிறதே, அது பூவாயி வெடித்த அன்று முதல்தான். நாம் குனிந்து முள்ளைப் பிடுங்குவதும் அன்று முதல்தான்.